வலது பக்கம் திரும்பிய ஹேண்டில்

அத்தியாயம் 11

“வலதா, இடதா?”

ஏட்டு பச்சமுத்து கேட்டது அவ்வளவுதான். சாகிராவின் கையிலிருந்த கத்தரி, ஜாக்கெட் துணியில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

“இன்னா கேக்கறீங்க ஏட்டய்யா?”

“தெரியாத மாதிரி கேக்காத தங்கச்சி. திங்கக்கிழமை காத்தால ஏழு மணிக்கு நீ கடையத் தொறந்த. வாசலப் பெருக்கின. எதிர்ல உன் கொழுந்தன் வண்டி நின்னுச்சு. ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சு?”

சாகிரா எதிரே பார்த்தாள்.

காந்தி பஜாரின் அந்த முனையில் ஒரே ஒரு வேப்பமரம். அதன் நிழல் நாலு மோட்டார் சைக்கிளுக்குத்தான் காணும். எட்டு வருஷமாக அந்த நாலு இடமும் நாலு பேருக்கு. ஏட்டின் புல்லட். செபாஸ்தியான் வாத்தியாரின் ஜாவா. சாகிராவின் கணவன் தாவூத்தின் வெள்ளை யெஸ்டி. தாவூத்தின் தம்பி அமீர் ஜானின் சிவப்பு ராஜ்தூத். அண்ணன் தம்பி குடியிருக்கும் சந்தில் சைக்கிளே ஒருக்களித்துத்தான் போகும் என்பதால், அவர்கள் வண்டிகள் இரவிலும் அங்கேயேதான்.

யாரும் சட்டம் எழுதி மரத்தில் ஆணி அடிக்கவில்லை. ஆனால் சட்டம் இருந்தது.

ஹேண்டிலைப் பூட்டக்கூடாது. கியரில் விடக்கூடாது. இடம் போதாவிட்டால் பக்கத்து வண்டியை நகர்த்திக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நகர்த்தியவன், அந்த வண்டியின் ஹேண்டிலை வலது பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும். சொந்தக்காரன் எப்போதும் இடது பக்கம் திருப்பித்தான் நிறுத்துவான். வந்து பார்க்கும்போது வலது பக்கம் இருந்தால், ‘உன் வண்டியில் கை வைத்திருக்கிறேன், ஸ்டாண்டையும் பெட்ரோல் குழாயையும் பார்த்துவிட்டு ஏறு’ என்று அர்த்தம்.

ஒரு மழை நாளில் யாரோ அரைகுறையாக நகர்த்திவிட்டுப் போன ஜாவா, வாத்தியார் தொட்டதும் அவர் பாதத்திலேயே சாய்ந்தது. மூன்று நாள் நாலு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் இந்த வழக்கத்தைச் சொல்லிச் சமாதானம் செய்து வைத்தவன் தாவூத்.

வெளியாட்களுக்கு இது தெரியாது. திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு பேங்க் அதிகாரி, நடு நிழலில் நிறுத்தி ஹேண்டிலையும் பூட்டிக்கொண்டு போனார். நாலு பேரும் வண்டியை அப்படியே தூக்கி வெயிலில் வைத்தார்கள். திரும்பி வந்தவர் சீட்டில் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்ததைப் பஜார் இன்னும் நடித்துக் காட்டும்.

இன்று சிரிக்க யாரும் இல்லை. சற்று முன் புல்லட்டை நிறுத்த இடம் போதாமல் ஜாவாவை அரை அடி தள்ளிய ஏட்டு, அந்த அவசரத்திலும் அதன் ஹேண்டிலை வலது பக்கம் திருப்பிவிட்டுத்தான் கடைக்குள் வந்திருந்தார். சாகிரா அதைப் பார்த்திருந்தாள்.

“நெனப்பு இல்ல ஏட்டய்யா.”

“நெனப்பு பண்ணிக்க.”

தொப்பியைக் கழற்றித் தையல் மெஷின் மேல் வைத்தார். அப்படி என்றால் சீக்கிரம் கிளம்பமாட்டார்.

திங்கட்கிழமை விடியலில் நடந்தது ஊருக்கே தெரியும். அனந்தபுரம் சாலையில் பால் கேனோடு சைக்கிளில் வந்த யாகப்பன் என்ற விவசாயியை ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துப் போட்டது. ஓட்டி வந்தவன் துண்டால் முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தான். பின்னால் நடந்து வந்த மனைவி லூர்துமேரிக்கு நினைவில் நின்றது இரண்டுதான். வண்டி சிவப்பு. கேரியரில் பச்சை நைலான் கயிறு.

செஞ்சியில் பச்சைக் கயிறு சுற்றிய சிவப்பு வண்டி ஒன்றுதான். ஏட்டு அதை எட்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறார்.

“அமீர் ஜான நாலு நாளா கேக்கறேன். ‘வண்டி ராத்திரி வச்ச எடத்துலயே இருந்துச்சு, யாரும் தொடல, ஹேண்டில் இடது பக்கம்தான் இருந்துச்சு’ன்றான். மட்கார்டு இன்னாடா புதுசா தட்டி நிமித்தியிருக்குதுன்னா, ‘செவுத்துல இடிச்சிட்டேன்’ன்றான். வெல்டர் பையன், தட்டறதுக்குச் சொல்லித் தரணுமா?”

“அவன் இடிச்சிருக்க மாட்டான்.”

“எனக்கும் அதே சந்தேகம்தான்.”

சாகிரா நிமிர்ந்தாள்.

“யோசிச்சுப் பாரு தங்கச்சி. அந்த வண்டில சாவித் தொளை தேஞ்சு போயி, எந்தச் சாவியப் போட்டாலும் ஸ்டார்ட் ஆவும். இடிச்சவன் அமீரா இருந்தா, தப்பிக்க நெனைக்கிறவன் இன்னா சொல்லுவான்? ‘ஹேண்டில் வலது பக்கம் இருந்துச்சு ஏட்டய்யா, எவனோ எடுத்துனு போயிருக்கான்’னு சொல்லுவான். இவன் இடது, இடதுன்னு தன் கழுத்துலயே கயித்தப் போட்டுக்கறான். ஏன்?”

மெஷின் சக்கரத்தைச் சாகிரா சும்மாவே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“யாரையோ காப்பாத்தறான்,” என்றார் ஏட்டு. “மூணு மணிக்கு விழுப்புரத்துலேர்ந்து இன்ஸ்பெக்டர் வராரு. வந்தா அமீர் பேருல எழுதிடுவாரு, பாஸ்போர்ட்ட வாங்கி பீரோல வச்சிப் பூட்டிடுவாரு. அவன் என்னிக்கு கெளம்பறான்?”

“ஞாயித்துக்கிழமை. மெட்ராஸ் போயி, பம்பாய் போயி... புதன்கிழமை குவைத்துக்கு ஏரோப்ளேன்.”

“அதுக்கப்பறம் எந்த ஏரோப்ளேனும் அவனுக்கு இல்ல.” தொப்பியை எடுத்துக்கொண்டார். “ஜும்மா முடிஞ்சு ஆம்பளைங்க வரட்டும். இதே எடத்துல கேப்பேன். நீ சொல்றதத்தான் எழுதுவேன். நீ பொய் சொல்ற பொம்பள இல்ல.”

வாசலில் இறங்கியவர் திரும்பினார்.

“வலதுன்னு சொன்னா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியும் இல்ல?”

தெரியும். வலது என்றால், எடுத்தவன் அந்த நாலு வண்டி வரிசையில் ஒருவன். ஒரு மனிதனைச் சாலையில் போட்டுவிட்டு வந்த பதற்றத்திலும், அடுத்தவன் வண்டியை நிறுத்தியதும் எட்டு வருஷப் பழக்கத்தில் கை தானாக அந்த மரியாதையைச் செய்திருக்கிறது. திருடனுக்கு அந்த மரியாதை தெரியாது.

அவள் கண்ணால் பார்த்தது வலது.

---

சந்துக்குள் வீடு. கூடத்தின் நடுவில் இரும்புப் பெட்டி. அதன் மேல் முட்டி போட்டு உட்கார்ந்து கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான் அமீர் ஜான். இருபத்தாறு வயது. புருவத்தில் வெல்டிங் பொறி பட்ட தழும்பு.

“அண்ணி, இதுல எலுமிச்சங்கா ஊறுகா வச்சா ஒழுவுமா? குவைத்து வரிக்கும் போவணும்.”

“பொட்டிய விடு அமீரு. ஏட்டு வந்தாரு.”

கயிறு தளர்ந்தது.

“இன்னா கேட்டாரு?”

“உன்னைக் கேட்டதத்தான். நீ இன்னா சொன்ன?”

“இடது.”

“நான் பாத்தது வலது.”

“நீங்க சரியா பாக்கல.”

“ஊசில நூல் கோக்கறவடா நான். கண்ணு நல்லாத்தான் இருக்குது.”

அவன் எழுந்து வாசலை எட்டிப் பார்த்தான். குழந்தைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினான்.

“நானும் பாத்தேன் அண்ணி. ஒம்போது மணிக்கு வந்தேன். ஹேண்டில் வலது பக்கம். மட்கார்டு உள்ள போயிருந்துச்சு. எதுவும் புரியல, பட்டறைக்கு எடுத்துனு போயி நிமித்திட்டேன். சாயந்தரம்தான் ஆக்சிடெண்ட்னு கேள்விப்பட்டேன். அப்பறம் ஒக்காந்து எண்ணிப் பாத்தேன். நீங்களும் எண்ணிப் பாருங்க. ஏட்டு அன்னிக்கு மேல்மலையனூர்ல அமாவாசை டூட்டி. வாத்தியார் குடும்பத்தோட வேளாங்கண்ணி. அப்பறம் யாரு பாக்கி?”

காலையிலிருந்து அவள் இரண்டு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவதை அவன் எண்ண வைத்துவிட்டான்.

“உங்கண்ணன் உன்கிட்ட சொன்னாரா?”

“இல்ல.”

“நீ கேட்டியா?”

“எப்பிடிக் கேக்கறது? அத்தா மவுத்தானப்ப எனக்கு ஏழு வயசு. அண்ணன் பத்தாவது பரிச்சைக்குப் படிச்சினு இருந்தாரு. பொஸ்தகத்த மூடி வச்சிட்டு மல்லாட்டை மூட்டை தூக்கப் போனாரு. அந்த வண்டி வாங்கிக் குடுத்ததே அவருதான். அவர நிக்க வச்சு, ‘இடிச்சிட்டு ஓடினது நீயா’ன்னு கேக்கச் சொல்றீங்களா?”

“அதுக்காக நீ ஜெயிலுக்குப் போவியா?”

“ஜெயிலு கியிலு எதுவும் வராது. கேஸு நடக்கும். குவைத்து போச்சு, அவ்ளோதான். எனக்கு யாரு இருக்கா? உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க.”

“மெஹர் பானு இருக்கா. உனக்காக ரெண்டு வருஷம் காத்துனு இருக்கேன்னு சொன்னவ.”

அவன் முகம் ஒரு கணம் இளகி, உடனே இறுகியது.

“அண்ணி, உங்கள ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். இடதுன்னு சொல்லிடுங்க.”

பெட்டிக் கயிற்றை மறுபடி இழுத்தான். நாலு நாளாக அண்ணனும் தம்பியும் ஒரே சகனில், ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் பக்கம் ஒருவர் கறித் துண்டைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இவள் பரிமாறியிருக்கிறாள்.

---

பதினொன்றரைக்கு ஒரு பெண் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. மடியில் ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் கூடை. வந்ததும் சிவப்பு வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, பச்சைக் கயிற்றை விரலால் தொட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே சப்பணம் போட்டாள்.

சாகிரா சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“ஏட்டு ஒக்காரச் சொன்னாரும்மா,” என்றாள் லூர்துமேரி. “இது உங்க வண்டியா?”

“எங்க வூட்டு வண்டிதான்.”

சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தாள் சாகிரா. அவள் குடித்து முடித்துத்தான் கொடுத்தாள்.

“அவருக்கு எப்பிடி இருக்குது?”

“முட்டிக்குக் கீழ எடுத்துரணும்னு சொல்றாங்க. அவரு, ‘பாலு யாருடி ஊத்துறா’ன்னு அதையேதான் கேக்கறாரு.” பேச்சை நிறுத்தி வண்டியைப் பார்த்தாள். “இடிச்சவன் அப்பிடியே ஓடலம்மா. அதுதான் எனக்கு ஆறல. எறங்கி வந்தான். அவரத் தூக்கி ஓரமாப் போட்டான். ‘நீ இங்கயே இரும்மா, நான் காரு புடிச்சினு வரேன், அஞ்சு நிமிஷம்’னான். நம்பினேன். ஒரு மணி நேரம் அந்தத் தார் ரோட்டுல ஒக்காந்துனு இருந்தேன். போற லாரியக் கூட நிறுத்தல, அவன் வந்துருவான்னு.”

“மொகத்தப் பாக்கலியா?”

“துண்டு கட்டியிருந்தான். ஆனா அந்தக் கொரலு...” லூர்துமேரி காதைத் தொட்டுக்கொண்டாள். “கூட்டத்துல பேசினாலும் சொல்லிருவேன்.”

அப்போது பஜார் தெற்குக் கோடியில் ஒரு சத்தம் கேட்டது. இரட்டைக் குழாய் யெஸ்டி. செஞ்சியில் அந்தச் சத்தம் தாவூத்துடையது. சந்துக்குள் விளையாடும் பெண்கள் இரண்டும் அதைக் கேட்டே பாடப்புத்தகத்தை விரிக்கும்.

சத்தம் நெருங்கி வந்தது. ஜவுளிக் கடை வரை வந்தது. அங்கேயே நின்றது.

சாகிரா எட்டிப் பார்த்தாள். நிழலில் வெள்ளை வண்டிக்கு உரிய இடம் காலியாகக் கிடந்தது. தாவூத் அங்கே வரவில்லை. ஜவுளிக் கடைக்கு முன்னால், சுட்டெரிக்கும் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்பக்கத் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தான்.

எட்டு வருஷத்தில் முதல் தடவை.

---

வீட்டுக்குப் பின்னால் தொட்டியடியில் தாவூத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தான். முழங்கை வரை தண்ணீர் விட்டான். ஒருமுறை, இருமுறை, மறுபடி, மறுபடி. மூன்று முறை என்ற எண்ணிக்கை தப்பியதை அவன் கவனிக்கவில்லை.

“வண்டி எங்க?”

“அந்தாண்ட இருக்குது.”

“வெயில்லயா?”

“நெழல்ல எடம் இல்ல.”

“எடம் காலியா இருக்குது. நான் பாத்துனுதான் வரேன்.”

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“ஏட்டு கேட்டாராமே?”

“யாரு சொன்னா?”

“அமீரு. ஹேண்டில் இடது பக்கம் இருந்துச்சுன்னு அவன் சொல்லிட்டான். நீயும் அதையே சொல்லிடு. ஒரே வூட்டுல ஆளுக்கு ஒண்ணு பேசினா ஊரு சிரிக்கும்.”

அவன் மறுப்பான் என்று நினைத்தாள். அழுவான் என்றுகூட நினைத்தாள். இதை நினைக்கவில்லை.

“அமீரு ஞாயித்துக்கிழமை போவணும்ங்க.”

“அடுத்த வருஷம் போலாம். சின்னக் கேசுதான். ஆளு உயிரோடதான இருக்கான்? நான் நல்ல வக்கீலா பாத்து வக்கிறேன்.”

“அந்தாளுக்குக் கால எடுக்கப் போறாங்களாம்.”

அவன் கை துண்டோடு நின்றது. ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் பழைய தாவூத் அவன் கண்ணில் தெரிந்தான். பள்ளிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கியவன்.

“நீங்களா எடுத்தீங்க?” என்றாள்.

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான்.

“ஜும்மாவுக்கு நேரமாச்சு.”

பின்வாசல் வழியாகவே போனான்.

அவன் போனதும் அவள் தொட்டியடியில் உட்கார்ந்தாள். இடது என்று சொன்னால் யாருக்கும் எதுவும் ஆகாது. புருஷன் ராத்திரி சோற்றுக்கு வருவான். கொழுந்தனே கேட்டுக்கொண்டதுதான். ஒரே ஒரு சொல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியும். பெட்டி கூடத்திலேயே கிடக்கும். அமீர் ஜான் அதைத் தாண்டிப் பட்டறைக்குப் போவான், திங்கள், செவ்வாய், வருஷக் கணக்கில். இவள் அதன் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

---

தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்தபோது மணி ஒன்றே முக்கால். ஏட்டு புல்லட் சீட்டில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் நோட்டு.

அமீர் ஜான் வந்து அவருக்கு எதிரே நின்றான். தாவூத்தும் வந்தான். வராமல் இருக்க முடியாது. ஏட்டு பள்ளிவாசல் வாசலிலேயே ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தியிருந்தார். ஆனால் தாவூத் நின்றது மரத்துக்கு அந்தப் பக்கம், லூர்துமேரியின் முதுகுக்குப் பின்னால்.

“வா தாவூத். சாப்டியா?” என்றார் ஏட்டு.

தாவூத் தலையை ஆட்டினான்.

“மார்க்கெட் கமிட்டில மல்லாட்டை வரத்து எப்பிடி?”

கையை விரித்துக் காட்டினான். நிலக்கடலை வரத்து பரவாயில்லை என்பது போல.

வந்ததிலிருந்து அவன் வாயைத் திறக்கவில்லை என்பது சாகிராவுக்கு அப்போதுதான் உறைத்தது. வரிசையிலேயே அதிகம் பேசுகிறவன் அவன். தூங்குகிறவனையும் பேச வைப்பான் என்று வாத்தியார் கேலி செய்வார். இன்று அவனுக்கும் லூர்துமேரிக்கும் நடுவில் மூன்று அடி தூரம். அவன் உதடு ஒட்டியே இருந்தது.

“சரி தங்கச்சி,” என்று ஏட்டு பேனா மூடியைக் கழற்றினார். “திங்கக்கிழமை காத்தால. ஹேண்டில் வலதா, இடதா?”

அமீர் ஜான் அவளைப் பார்த்தான். கண்ணில் கெஞ்சல்.

தாவூத் பார்க்கவில்லை. மரத்துப் பட்டையைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

“வலது,” என்றாள் சாகிரா.

“அண்ணி!”

“வலது பக்கம்தான் இருந்துச்சு ஏட்டய்யா. ஏழு மணிக்கு நான் பாத்தேன். அமீரு பொய் சொல்றான். ஏன் சொல்றான்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல ஏட்டய்யா,” அமீர் ஜான் முன்னால் பாய்ந்தான். “நான்தான் இடிச்சேன். எழுதிக்கங்க. நான்தான்—”

“கம்முனு இர்ரா.” ஏட்டு அவனைப் பார்க்கவே இல்லை. “தாவூத். நான் மலையனூர்ல இருந்தேன். வாத்தியார் வேளாங்கண்ணில. நீ எங்க இருந்த?”

மரத்திலிருந்து ஒரு பட்டை உதிர்ந்தது.

“வாய்ல இன்னா, கொழுக்கட்டையா? கேக்கறேன் இல்ல? எட்டு வருஷம் பக்கத்துல பக்கத்துல வண்டி நிறுத்தினவன்டா நான். எனக்காவது சொல்லு.”

“சொல்லுங்க,” என்றாள் சாகிரா. “உங்க தம்பி உங்களுக்காகப் பேசறான். நீங்க அவனுக்காக ஒரு வார்த்த பேச மாட்டீங்களா?”

தாவூத் தம்பியைப் பார்த்தான். தலையில் வெள்ளைத் தொப்பி, கண்ணில் தண்ணீர், ‘வேணாம்ணா’ என்று ஆடும் தலை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அவன விட்ருங்க ஏட்டய்யா. வண்டிய எடுத்தது நான்.”

லூர்துமேரி எழுந்தாள்.

திரும்பவில்லை. முதலில் எழுந்தாள், கூடையைக் கீழே வைத்தாள், அப்புறம்தான் மெல்லத் திரும்பினாள்.

“நீதானா,” என்றாள்.

அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கான்ஸ்டபிள் ஓரடி முன்னால் வந்தார்.

“அஞ்சு நிமிஷம்னியே. எங்க போன?”

தாவூத் மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“வரணும்னுதாம்மா போனேன். செஞ்சி வரிக்கும் வந்துட்டேன். வண்டிய நிறுத்தினேன். டாக்சி ஸ்டாண்டுக்கு நடந்தேன். பயம் வந்துருச்சு. நடந்துனே இருந்தேன்.”

“அவரு ரத்தம் ரோட்டுல ஓடுச்சு.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா?”

ஏட்டு எழுதிக்கொண்டே போனார். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“காத்தால ஆறு மணிக்கு அனந்தபுரம் ரோட்டுல உனக்கு இன்னா வேல?”

“கமிட்டி வேல.”

“கமிட்டி வேலைக்கு உன் வண்டில போவ. தம்பி வண்டிய எதுக்கு எடுத்த? யெஸ்டி ரிப்பேரா?”

“இல்ல.”

“பெட்ரோல் இல்லையா?”

“இருந்துச்சு.”

“அப்பறம்?”

மரத்தைப் பிடித்திருந்த கை நழுவியது. அவ்வளவையும் ஒப்புக்கொண்டவன், இந்தக் கேள்விக்கு மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டான். ஏட்டு மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவன் சாகிரா இருந்த திசையைத் தவிர எல்லாத் திசையையும் பார்த்தான்.

“சரி. ஸ்டேஷன்ல பேசிக்கலாம், ஏறு.”

புல்லட் கிளம்பியது. பின் சீட்டில் தாவூத், அவனுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு கான்ஸ்டபிள். பஜாரே கடை வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. லூர்துமேரி கூடையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல், ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.

---

அமீர் ஜான் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நான் குவைத்துக்குப் போவல. எங்கண்ணன உள்ள வச்சிட்டு நான் போயி சம்பாதிக்கணுமா?”

“போவ. நான்தான் ரயிலேத்தி விடுவேன்.”

“எப்பிடி அண்ணி உங்களால முடிஞ்சுது?”

“உன்னால பொய் சொல்ல முடிஞ்ச மாதிரிதான்.”

அவன் முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொண்டான். சாகிரா கடைக்குள் போனாள். பாதி வெட்டிய ஜாக்கெட் துணியை மடித்து வைத்தாள். மெஷினுக்கு உறை போட்டாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு அந்தக் கடைசிக் கேள்வியிலேயே நின்றது.

சொந்த வண்டி இருந்தது, பெட்ரோல் இருந்தது. பிறகு ஏன்?

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் வாசல் பெருக்கும்போது, வல்லத்திலிருந்து ஒரு வியாபாரி தாவூத்தைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். அவள் துடைப்பத்தாலேயே வெள்ளை யெஸ்டியைச் சுட்டிக்காட்டி, “வண்டி நிக்குது பாருங்க, இங்கதான் எங்கனா டீ குடிச்சினு இருப்பாரு” என்றாள்.

அதற்குத்தான். தாவூத் ஊரில்தான் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு அந்த வெள்ளை வண்டி நிழலில் நின்றிருந்தது. இரட்டைக் குழாய்ச் சத்தம் போகிற இடத்தில் அவனைக் காட்டிக் கொடுக்கும் என்றுதான் தம்பி வண்டி. பனி இல்லாத மாசத்தில் முகத்தைச் சுற்றித் துண்டு.

ஒரு நாள்தானா? இல்லை, இதற்கு முன்பும் ஹேண்டில் வலது பக்கம் திரும்பியிருந்த காலைகள் உண்டா?

உண்டு. வாரத்துக்கு ஒன்று. அவள் பார்த்திருக்கிறாள். இடத்துக்காக யாரோ நகர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பெருக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். பூட்டினாள். சாவியை அமீர் ஜானின் மடியில் போட்டாள்.

“பொண்ணுங்க நாலு மணிக்கு வருவாங்க. சோறு இருக்குது, போட்டுக் குடு.”

“நீங்க ஸ்டேஷனுக்கா போறீங்க? இருங்க, நானும் வரேன்.”

“ஸ்டேஷனுக்கு இல்ல.”

முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். ராஜாகிரி மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மூன்றாம் நம்பர் டவுன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கண்டக்டர் வந்தார்.

“எங்கம்மா?”

“அனந்தபுரம் ரோட்டுல.”

“ரோட்டுல பத்து ஊரு இருக்குது. எங்க எறங்கணும்?”

சாகிரா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை அவர் கையில் வைத்தாள்.

“தெரியல. கடைசி வரிக்கும் குடுங்க. பச்சக் கயிறு கட்டின செவப்பு வண்டி வாரா வாரம் எங்க வந்து நிக்கும்னு, வழில ஒவ்வொரு எடத்துலயும் கேட்டுனு போவேன்.”